நண்பர் திருமணமும் நம் கடமையும்

கல்லூரி வாழ்க்கையின் முடிவில் மாணவர் பெற்றுச் செல்வன இரண்டு. ஒன்று பட்டம்; மற்றொன்று நட்பு. பட்டத்தின் பயன் இன்னதென்று அறியச் சில ஆண்டுகள் செல்லும். நட்போ, கல்லூரியை விட்டு நீங்கிய சின்னாட்களிலேயே வீடு தேடி வரும் ஒரு திருமண அழைப்பிதழால் சோதனைக்கு உள்ளாகின்றது.

'நண்பனுக்கு மணம்' என்று கேட்ட அளவில் நம்மனோர் உள்ளம் துள்ளுகின்றது. எந்தப் புகைவண்டியிற் செல்வது, எவ்வுடை அணிவது, யாது பரிசு கொடுப்பது, மேடையில் என்ன கூறி நகைப்பூட்டுவது என்றெல்லாம் விடுதி அறைகளில் நள்ளிரவு வரை ஆலோசனை நடைபெறும். இவை யாவும் வேண்டுவனவே. மகிழ்தற்குரிய இடத்தில் மகிழாதிருத்தல் நட்பாகாது. ஆயினும், மணவீட்டில் நண்பர்க்கு உரிய இடந்தான் யாது? அவர் உண்டு செல்லும் விருந்தினரா? ஆரவாரம் செய்து அகலும் கூட்டத்தாரா? அன்றி அவர்க்கென ஒரு கடமை உண்டோ? இவ்வினாவை யாம் எழுப்புதற்குக் காரணம் யாமே செய்த ஒரு பிழை. அதனைப் பின்னர்க் கூறுவாம். முதற்கண் நம் முன்னோர் நூல்கள் கூறுவனவற்றை நோக்குவோம்.

அகப்பொருள் நூல்களைப் பயில்வார்க்கு, மணத்தின்கண் நண்பர் பெற்றிருந்த இடம் எத்துணைப் பெரிதென்பது விளங்கும். தலைவனுக்குப் பாங்கனும் தலைவிக்குத் தோழியும் துணை நிற்கின்றனர். தலைவன் ஒருத்தியைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்து தளரும்போது, பாங்கன் முதலிற் செய்வது கைகொட்டிக் களித்தல் அன்று, கழறுதல். தலைவனது பெருமைக்கு இத்தளர்ச்சி தகாது என்று இடித்துரைத்து, அவன் உள்ளம் உறுதியுடையது என்று கண்ட பின்னரே, தானே சென்று அவள் நிற்குமிடத்தை அறிந்து வந்து உதவுகின்றான். தோழியின் பணி இதனினும் அரியது. களவிலேயே காலங் கழிக்க விரும்பும் தலைவனை நோக்கி, மணந்துகொள்க என்று வற்புறுத்துபவள் அவளே. இதனை வரைவு கடாதல் என்பர். தலைவியின் காதலை உரிய காலத்தில் செவிலித்தாய்க்கு வெளிப்படுத்துபவளும் அவளே. இதனை அறத்தொடு நிற்றல் என்பர். தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் உரைக்க, உண்மை படிப்படியாக வீட்டினுள் ஏறிச் செல்கின்றது.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளை உடையது. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்பொருட்டு அதனைப் பாடினார் என்பர். மாணவர் பலரும் அதிலுள்ள 99 மலர்களின் பெயர்களைத் தேர்வுக்கென நெட்டுருச் செய்கின்றனர். ஆனால் அப்பாட்டு முழுவதும் ஒரு தோழி, தன் உயிர்த்தோழியின் பொருட்டு, அஞ்சியும் அஞ்சாதும் செவிலியிடம் உண்மையை எடுத்துரைக்கும் பேச்சே என்பதை மலர்களின் நறுமணத்தில் மறந்து விடுகின்றோம். நட்பின் முதற்கடமை உண்மை கூறல் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி, மணச்சடங்கு ஏன் தோன்றியது? உலகத்தில் பொய்யும் குற்றமும் தலைகாட்டிய பின்னரே பெரியோர் அதனை வகுத்தனர் என்று தொல்காப்பியக் கற்பியல் கூறுகின்றது. கொண்டவளைக் கொண்டிலேன் என்று ஒருவன் பின்னர்க் கூறாதிருத்தற்பொருட்டே பலர் அறிய மணம் நிகழ்ந்தது என்பது இதனாற் பெறப்படும். அகநானூற்றின் 86ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் ஒரு மணத்தைக் காட்டுகின்றார். பந்தரின் கீழ்ப் புதுமணல் பரப்பியிருக்கின்றது. திங்கள் உரோகிணியைக் கூடிய விடியற்காலம். மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் கூடி, பூவும் நெல்லும் இட்ட நீரால் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். தீ வலம் வருதல் அங்குக் கூறப்படவில்லை. வாழ்த்துவோர் வந்து நிற்பதும் மனமார வாழ்த்துவதுமே அங்கு மணத்தின் நடுநாயகமாக விளங்குகின்றன.

இக்கருத்து ஏட்டளவில் நின்றுவிட்டதன்று. நாட்டுச் சட்டமும் இதனையே வற்புறுத்துகின்றது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி, குருவானவரை அன்றிக் குறைந்தது இரண்டு சாட்சிகள் உடனிருத்தல் வேண்டும். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் மூன்று சாட்சிகளைக் கேட்கின்றது. சுயமரியாதைத் திருமணங்கட்குச் சட்ட ஏற்பு அளித்தற்பொருட்டு, அறிஞர் அண்ணா முதலமைச்சராய் இருந்த 1967இல் இயற்றப்பெற்று 1968இல் நடைமுறைக்கு வந்த 7-அ பிரிவோ, ஒருபடி மேலே செல்கின்றது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவரும் தமக்கு விளங்கும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகக் கூறினாலும், மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் மணம் நிறைவெய்தும் என்பது அதன் கருத்து. 'நண்பர்' என்னும் சொல் சட்டத்தின் வாசகத்திலேயே இடம் பெற்றிருத்தல் நோக்கத்தக்கது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவை ஆராய்ந்தபோது, இத்தகைய மணத்தை ஊரறிய அறிவித்தல் கட்டாயமன்று என்றும், வழக்கறிஞர் தம் தொழில்முறையில் மணம் செய்துவைத்தல் கூடாதாயினும் நண்பராகவோ உறவினராகவோ சாட்சி நிற்கலாம் என்றும் கூறிற்று. ஆரவாரம் இன்றியும் மணம் நிகழலாம். உடனிருந்து கண்டார் இன்றி நிகழாது. அவ்வாறு உடனிருந்து காண்பவருள் ஒருவர் நண்பர். இதுவே மணவீட்டில் அவர்க்குரிய இடம்.

நம் திருச்சபைகளில் மணத்திற்கு முன்னர் ஓலை வாசிக்கும் வழக்கம் இருப்பதை அனைவரும் அறிவர். இம்மணத்திற்குத் தடை ஏதேனும் உண்டாயின் அறிந்தோர் தெரிவிக்க என்று சபையார் முன்னிலையிற் கேட்கப்படுகின்றது. நாம் அதனை வெறும் அறிவிப்பென்று கருதி மணிப்பொறியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றோம். உண்மையில் அது நம்மை நோக்கிய கேள்வியாகும். நண்பன் கடனில் மூழ்கியிருப்பதை நாம் அறிவோம், பெண்வீட்டார் அறியார். மணமகள் மனமின்றி இசைந்திருப்பதை அவள் தோழியர் அறிவர், மற்றையோர் அறியார். அப்பொழுது வாய்மூடி இருந்துவிட்டு மணநாளில் மலர் தூவுவோமாயின், நாம் தூவுவது மலராகாது. பாங்கன் கழறியதும் தோழி அறத்தொடு நின்றதும் இத்தகைய வேளைகளுக்கே என்க.

நிற்க. நம் நாட்டு வழக்கத்தில் மாப்பிள்ளைத் தோழன் என்று ஒருவன் மணமகன் அருகே நிற்பான். அவன் யார்? பல குடிகளில் அவன் மணமகளின் உடன்பிறந்தானே ஆவான். மணமகனிடம் மோதிரமும் பெறுவான். அவ்வாறே, மணமகளின் பின்னின்று தாலியின் மூன்றாம் முடிச்சை இடுபவள் மணமகனின் தமக்கை அல்லது தங்கை. இதனைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். மணமகனுக்குத் துணை பெண்வீட்டிலிருந்து வருகின்றது. மணமகளுக்குத் துணை பிள்ளைவீட்டிலிருந்து வருகின்றது. இவ்வழக்கத்திற்குக் காரணம் எதுவாயினும், இதனால் நாம் பெறும் அறிவு ஒன்றுண்டு: மணமகனுக்கு மட்டும் நண்பராய் வந்தவர், திரும்பும்போது இருவர்க்கும் நண்பராய்த் திரும்புதல் வேண்டும்.

ஆனால் இக்காலத்தில் நாம் செய்வது யாது? 2018ஆம் ஆண்டில் கடலூர் மாவட்டத்தில் நடைபெற்ற ஒரு மணத்தில், பெட்ரோல் விலை ஏறியிருந்தமையால், நண்பர்கள் 5 லிட்டர் பெட்ரோலை மேடையிற் பரிசாக அளித்தனர். 2022ஆம் ஆண்டில் உசிலம்பட்டியில், சனி ஞாயிறுகளில் கணவன் கிரிக்கெட்டு ஆடச் செல்வதற்கு இசைவதாக 20 ரூபாய்ப் பத்திரத்தில் மணமகளிடம் கையெழுத்துப் பெற்றனர். செய்தித்தாள்களில் இவற்றைக் கண்டு யாமும் நகைத்தோம். முன்னதில் நாட்டின் நிலையைச் சுட்டும் குறும்பு இருந்தது. பின்னதும் தீங்கற்ற வேடிக்கையே. ஆயினும் ஒரு கேள்வி எழுகின்றது. தோழனை இழவாதிருக்கப் பையன்கள் பத்திரம் எழுதிக்கொள்கின்றனர். மணமகளின் தோழியர் அவ்வாறு ஒரு பத்திரம் எழுதி மணமகனிடம் நீட்டியதாக யாம் கேள்விப்பட்டிலோம். மணத்திற்குப் பின்னும் ஆடவன் தன் நண்பர்களோடு தேநீர்க்கடை வாயிலில் நிற்கின்றான். பெண்ணோ ஊர் மாறி, வீடு மாறிச் செல்கின்றாள். அவள் தோழியர் அவளைக் காண ஓராண்டு, ஈராண்டு காத்திருக்கின்றனர்.

எல்லா வேடிக்கையும் தீங்கற்றதும் அன்று. தெருவெங்கும் பதாகை நிறுத்தி வாழ்த்துதல் இன்று பெருவழக்காயிற்று. 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள், சென்னைப் பள்ளிக்கரணையில், ஒரு திருமணத்திற்கென நிறுத்தப்பட்டிருந்த பதாகை சரிந்து, ஸ்கூட்டரில் சென்றுகொண்டிருந்த 23 வயதுப் பெண் பொறியாளர்மீது வீழ்ந்தது; அவர் நிலைதடுமாறி வீழ, பின்வந்த தண்ணீர் லாரி ஏறி உயிர் துறந்தார். ஒரு வீட்டின் மகிழ்ச்சிக்கென எழுப்பியது வேறொரு வீட்டின் விளக்கை அவித்துவிட்டது. நண்பனின் முகத்தைத் தெருவில் பெரிதாக்கிக் காட்டுவதனால் நட்புப் பெரிதாவதில்லை.

பரிசைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். மொய் என்பது நம் நாட்டின் பழைய கூட்டுறவு முறை. 101 என்றும் 501 என்றும் எழுதப்படும் அது, பிறிதொரு நாள் திரும்பச் செய்யவேண்டிய கடனாகவே பல ஊர்களிற் கருதப்படுகின்றது. பேராவூரணி, கீரமங்கலப் பக்கங்களில் ஆடி மாதத்தில் மொய்விருந்து என்றே தனியாக நடத்துவர். அது தவறன்று, வங்கி அறியாக் காலத்தில் ஏழைகட்கு அது பேருதவியாய் இருந்தது. ஆயினும் நண்பர் அளிக்கத்தக்கது மொய்யேட்டில் ஏறாத ஒன்று. கானா ஊர்க் கலியாணத்தை நினைவுகூர்க. அங்கே ஆறு கற்சாடிகள் இருந்தன. குறைபட்டது யாதென்று முதலில் அறிந்தவர் மணமேடையில் இருந்தவர் அல்லர். அடுக்களையின் நிலையை நோக்கிய ஒரு தாயார். இரசம் எங்கிருந்து வந்ததென்று பந்தி விசாரிப்புக்காரன் அறிந்திலன். தண்ணீரை மொண்ட வேலைக்காரர் அறிந்திருந்தனர். உழைத்தவர்க்கே அவ்விருந்தின் உட்பொருள் விளங்கிற்று.

இனி எம் பிழையைக் கூறுவாம். எம் விடுதியில் எமக்கு மூத்தவராய் இருந்த ஒருவர், கல்வி முடித்துப் பள்ளியாசிரியராய்ச் சென்றார். தேர்வுக்கு முந்திய இரவுகளில் எமக்கு யாப்பிலக்கணம் விளக்கியவர் அவரே. அண்ணன் என்றே அவரை அழைப்போம். சென்ற ஆண்டு மே மாதத்தில், திருநெல்வேலிச் சீமையில் உள்ள ஒரு சிற்றூரில் அவர் திருமணம் நடைபெற்றது. யாம் ஐவர் முதல் நாள் மாலையே சென்றோம். கண்ணீர் வழிய வெங்காயம் உரித்தோம். மறுநாள் பந்தியில் தண்ணீர் வழங்கினோம். ஆராதனை முடிந்தபின் திருமணப் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்திடும் பேறும் எம்மில் ஒருவர்க்குக் கிடைத்தது. ஆகவே நண்பர் கடமையில் ஒரு குறையும் வைத்திலோம் என்று இறுமாந்திருந்தோம்.

தமிழ் பயிலும் மாணவரிடம் நண்பர் கூட்டம் தவறாது வேண்டுவது வாழ்த்துமடல். யாமும் நாற்பது அடியில் ஓர் ஆசிரியப்பா இயற்றி, அச்சிட்டு, கண்ணாடிச் சட்டமிட்டு மேடையில் வாசித்தளித்தோம். முப்பத்தாறு அடிகள் அண்ணனின் குணநலங்கள். எஞ்சிய நான்கடி மணமகளுக்கு. அவற்றில் மதிமுகம், குயின்மொழி, அன்னநடை முதலியன யாவும் முறைப்படி அமைந்திருந்தன. கைதட்டல் பெரிதாய் எழுந்தது.

மறுநாட் காலை விடைபெறச் சென்றோம். அண்ணியார் எமக்குக் காப்பி கொணர்ந்து தந்துவிட்டு, சிரித்த முகத்தோடே கூறினார்: "தம்பிமாரே, பாட்டு நன்றாக இருக்கிறது. எனக்கு நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள். அதில் என் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்தப் பெண்ணின் பெயரை வைத்தாலும் பொருந்தும், இல்லையா?"

யாம் மறுமொழி கூற இயலாது நின்றோம். அண்ணன் எம்மைக் காத்தற்பொருட்டு, "பையன்களுக்கு உன்னைத் தெரியாதே" என்றார். அவர், "கேட்டிருக்கலாமே" என்று மட்டும் கூறி வெறுங்கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றார். அவர் சொல்லில் சினம் இல்லை. அதனாலேயே அச்சொல் எம் நெஞ்சிற் பதிந்தது.

பேருந்தில் திரும்பும் வழியில் அண்ணனைத் தொலைபேசியில் கேட்டபோதுதான், அண்ணியார் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பகுதியில் செவிலியாய்ப் பணியாற்றுகின்றார் என்பதும், அவருடைய தோழியர் மூவர் இரவுப் பணி முடித்து உறக்கமின்றிப் பேருந்தேறி மணத்திற்கு வந்திருந்தனர் என்பதும் தெரிந்தன. அவர்கள் பந்தலின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தனர். மேடைக்கு வருமாறு அவர்களை அழைத்தார் ஒருவரும் இலர். அன்றிரவே மீண்டும் பணி இருந்தமையால் உண்டவுடன் புறப்பட்டுச் சென்றனர். பந்தியில் அவர்களுடைய இலையருகே தண்ணீர் வைத்தவர் எம்முள் ஒருவரே. கானாவில் நீர் மொண்டவர் அறிந்தனர் என்றோம். யாமோ நீர் வழங்கியும் அறிந்திலோம். அதனினும் எம்மை வருத்தியது சாட்சிக் கையெழுத்து. ஒரு மணத்திற்குச் சாட்சி நின்றோம். அம்மணத்தின் ஒரு பாதி யாரென்று எமக்குத் தெரியாது.

அண்ணியாரின் இசைவு பெற்று அத்தோழியருள் ஒருவர்க்குக் கடிதம் எழுதினோம். ஐந்து பக்கத்தில் விடை வந்தது. அண்ணியார் குயில்போற் பாடுபவர் அல்லர். சுருதி ஒருபோதும் சேராது. ஆயினும் உறங்காத குழந்தைகள் அவர் பாட்டுக்கே உறங்கும். அன்னநடை என்று எழுதியதைக் கண்டு தோழியர் வாய்விட்டு நகைத்தனராம். அப்பகுதியிலேயே விரைந்து நடப்பவர் அவர். உடன் செல்வோர் ஓடவேண்டும். பயிற்சிக் காலத்தில் விடுதிக் கட்டணம் செலுத்த வழியின்றி வீடு திரும்ப இருந்த ஒரு தோழிக்குத் தம் கைவளையை அடகு வைத்துப் பணம் கொடுத்தவரும் அவரே. கடிதம் எழுதிய பெண்தான் அத்தோழி.

யாம் புதிதாய் இருபது அடி எழுதினோம். பத்து அவர்க்கு, பத்து இவர்க்கு. அணிகள் குறைவு, ஓரிடத்தில் தளையும் தட்டிற்று. அதனைக் கிறிஸ்துமஸ் வாழ்த்தோடு அஞ்சலில் அனுப்பினோம். பொங்கல் விடுமுறையில் அவர்கள் இல்லத்திற்குச் சென்றபோது, கண்ணாடிச் சட்டமிட்ட பழைய மடலை யாண்டும் காணோம். புதிய தாள், சட்டமின்றி, சமையலறைக் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. ஓரத்தில் எண்ணெய்க் கறை பட்டிருந்தது. அன்று அத்தோழியருள் இருவரும் விருந்துக்கு வந்திருந்தனர். அழைத்தவர் அண்ணன் என்று பின்னர் அறிந்தோம்.

இதனால் யாம் கற்றது, நண்பரின் கடமை மூன்று காலத்தும் உண்டென்பது. மணத்திற்கு முன் உண்மை உரைத்தல். மணநாளில் இருவரையும் அறிந்து உழைத்தல். மணத்திற்குப் பின் நிலைத்து நிற்றல். மூன்றாவது எளிதென்று எண்ணற்க. அகப்பாடல்களில் தோழியின் பணி மணத்தோடு முடிவதில்லை. கற்புக் காலத்திலும் அவள் உடனிருக்கின்றாள். தலைவன் நெறி தவறித் திரும்பி வரும்போது, அவனுக்கு வாயில் மறுத்துரைக்கும் உரிமை அவளுக்கு உண்டு. மணமகனின் நண்பராகிய நாம் அவ்வுரிமையை மேற்கொள்ளத் துணிவோமா? நண்பன் தன் மனைவியை இழித்துப் பேசும்போது நகைத்து ஆமோதிப்போமா, அன்றிப் பாங்கனைப்போற் கழறுவோமா? சாட்சிக் கையெழுத்தின் மை உலர்ந்த பின்னும் அதன் பொறுப்பு உலர்வதில்லை.

உடன்பயிலும் தோழரீர்! இன்னும் ஐந்தாறு ஆண்டுகளில் நம்மில் ஒவ்வொருவர்க்கும் அழைப்பிதழ்கள் வந்துகொண்டேயிருக்கும். அதில் அச்சிட்ட இரண்டு பெயர்களில், நமக்குத் தெரியாத பெயரை ஒரு முறைக்கு இரு முறை படியுங்கள். அவர் யார், எதில் வல்லவர், எதற்கு நகைப்பவர் என்று கேட்டறியுங்கள். அவருடைய நண்பர்களும் மேடைக்கு வர வழிவிடுங்கள். பின்னர் எவ்வளவு வேண்டுமாயினும் ஆரவாரம் செய்யுங்கள். அவ்வாரவாரத்திற்குப் பொருள் உண்டு. மணமக்கள் இருவரும் நீடு வாழ்க. அவர்தம் நட்பினரும் உடன் வாழ்க.